ஏழு பத்து வெயில்

எங்கள் வீட்டுச் சமையலறை அக்னி மூலையில் இருக்கிறது. கட்டியவர் வாஸ்து பார்த்து வைத்தாரோ, மிச்சமிருந்த இடத்தில் திணித்தாரோ, தெரியாது. கிழக்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் சின்ன ஃப்ளாட். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். வருஷத்தில் பதினோரு மாதம் அந்த ஜன்னலால் பெரிய உபயோகம் கிடையாது. பக்கத்துக் காலி மனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டு மொட்டைமாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, காலைச் சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும். மார்கழியில் மட்டும் சூரியன் தெற்கே நகர்ந்து, அந்தத் தொட்டிக்கும் அடுத்த அடுக்குமாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். ஏழு பத்துக்கு எங்கள் சமையலறைக்குள் வரும். ஏழு இருபதுக்குப் போய்விடும்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில்தான் அதைக் கவனித்தேன். காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். என் மனைவி இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. வெயில் சாய்வாக அதற்குள் புகுந்தது. அவள் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை முடிகூடத் தனியாகத் தெரிந்தது. நான் கேமராவை எடுத்து வருவதற்குள் அவள் இட்லியைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, "என்ன அங்கேயே நின்னுட்டீங்க, டப்பா கட்டணும், நகருங்க" என்றாள். மறுநாள் மேகம். அதற்கு மறுநாளிலிருந்து மழை. அந்த வருஷம் முழுக்க எடுக்காத அந்தப் படம் என் மண்டைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நான் எடுப்பது ஃபிலிம் கேமராவில். எட்டு வருஷமாக இந்தப் பைத்தியம். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே கேன்டீனில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். "சார், போன்ல எடுத்தா ஒரு செகண்ட். எதுக்கு சார் இந்தப் பாடு?" இதற்கு நல்ல பதில் ஒன்று இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கோபம்தான் வருகிறது. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு டீயைக் குடிப்பேன்.

பாடு என்று அவர்கள் சொல்வதும் நிஜம்தான். கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டுக் குளியலறையில் நானே கழுவுகிறேன். கழுவும் மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறான். தாம்பரத்தில் எந்தக் குழாயில் இருபது டிகிரி தண்ணீர் வருகிறது? சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் டீ ஆகிவிடும். அதனால் ஃப்ரிட்ஜில் உள்ள ஐஸ் தட்டுகள் எல்லாம் எனக்கு வேண்டும். அடுத்தது உப்பு. எங்கள் போர் தண்ணீரில் ஃபிலிமை அலசினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பீர்க்கன்கரணை ஏரியில் ஒரு ரோல் முழுக்கக் கொக்குகளாக எடுத்தேன். கழுவிய பிறகு கொக்கு எது, உப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. அதன் பிறகு குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் அலச ஆரம்பித்தேன். ஒரு தடவை அலச அரை கேன் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கேன்காரர் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் நான் கழுவுவேன். எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இந்தக் கேனைப் பற்றியதுதான்.

எட்டு வருஷத்தில் எத்தனை நல்ல படம் என்று கேட்டால், சுமாராக நாலைந்து தேறும். நல்லது என்று எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். தண்ணீர் சூடு, மருந்து பழசு, லென்ஸில் பூஞ்சை, மேகம். நான் சரியில்லை என்பது அந்தப் பட்டியலில் வரவே வராது.

போன ஆடியில் பக்கத்துக் காலி மனை விற்றுப்போனது. கருவேலத்தை வெட்டி, பள்ளம் தோண்டி, கம்பி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கீழே கார் நிறுத்தம், அதற்கு மேல் மூன்று மாடி என்றார்கள். என் சூரியன் வரும் இடுக்கு அந்த மனைக்கு நேர் மேலே இருந்தது. தினமும் சமையலறை ஜன்னலில் நின்று தூண் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. மேஸ்திரி ஒருநாள் கீழேயிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், டெய்லி மேலருந்து பாத்துகினே கீற?"

"இந்தப் பக்கம் எங்க உயரத்துக்குச் சுவர் எப்ப வரும்?"

"பொங்கலுக்கு ஆளுங்க ஊருக்குப் பூடுவாங்க. அதுக்கு முன்னாடி ஏத்திடுவோம். இன்னா, வூட்டுக்குக் காத்து வராதுன்னு பாக்குறியா?"

"காத்து இல்ல. வெயில் வராது."

அவர் சித்தாளைப் பார்த்துச் சிரித்தார். "மெட்ராஸ்ல வெயில் வரலைன்னு பேஜார் பண்றது நீ ஒருத்தன்தான் சார்."

ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு மார்கழி. அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். தினமும் காலையில் பத்து நிமிஷம் அடுப்படியில் நான் சொல்கிற மாதிரி நிற்க வேண்டும் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்டரில் அவளுக்கு வேலை. எட்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். காலை பத்து நிமிஷம் என்பது அவளிடம் உபரியாகக் கிடக்கும் சாமான் இல்லை. ஆனால் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குன்னு தனியா நல்லா ஒரு போட்டோ கிடையாது தெரியுமா? எல்லாத்துலயும் ஓரத்துல நிக்கறேன், இல்ல யாருக்காவது சாம்பார் ஊத்திட்டு இருக்கேன். ஆஸ்பத்திரி கார்டுல இருக்கறதைப் பாத்துட்டு புதுசா வந்த பொண்ணு, இது உங்க அம்மாவா மேடம்னு கேக்குது. ஒண்ணே ஒண்ணு ஒழுங்கா எடுத்துக் குடுங்க. நிக்கறேன்."

எட்டு வருஷத்தில் அவளை நான் எத்தனை படம் எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். ஏரி, ரயில் பாலம், கோவளத்தில் படகு, மீன் ஏலம் எல்லாம் எடுத்திருக்கிறேன். வீட்டில் இருப்பவள்தானே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்கழி முதல் வாரம் தொடங்கினோம். எங்கள் பெண் பெங்களூரில் வேலையில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கு ஒரு மாதம் முழுக்க இட்லி. ஆவி வேண்டுமே. மூடியைத் தூக்கினால் ஐந்து விநாடிக்கு நல்ல ஆவி வரும், பிறகு சோர்ந்துவிடும். அந்த ஐந்து விநாடியில் வெயில் இருக்க வேண்டும், அவள் முகம் சரியான பக்கம் திரும்பியிருக்க வேண்டும், பின்னால் தொங்கும் கரித்துணி தெரியக் கூடாது. ஒருநாள் வெயில் வந்தது, பானை கொதிக்கவில்லை. ஒருநாள் பானை கொதித்தது, தொட்டி மேல் ஒரு காக்கா உட்கார்ந்து ஜன்னலில் நிழல் விழுந்தது. ஒருநாள் எல்லாம் கூடி வந்தபோது வாசலில் மணி அடித்தது, கேஸ் சிலிண்டர். அந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சுக்கு, படியில் சிலிண்டரை ஏற்றிவந்தவர் என்னை இரண்டு அறை அறைந்திருந்தாலும் நியாயம்தான்.

இதற்கு நடுவில் ஃபிலிம் தட்டுப்பாடு வேறு. என்னிடம் இருந்தது கேமராவில் மாட்டியிருந்த ஒரே ரோல். அதிலும் முப்பத்தாறில் இருபத்திரண்டு கொக்குக்கும் பாலத்துக்கும் போய்விட்டது. கடையில் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டது இதோ வருகிறது அதோ வருகிறது என்று இழுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் பதினாலு. அதனால் முழுசாகச் சரியாக இருந்தால் ஒழியப் பட்டனை அமுக்குவதில்லை என்று உறுதியாக இருந்தேன். நான் அமுக்காமல் கண்ணை வைத்துக்கொண்டே நின்றால் அவள் பொறுமை போய்விடும். மூன்றாவது நாளே சொல்லிவிட்டாள். "எடுக்கறதுன்னா எடுங்க. சத்தமே வரல. சும்மா நிக்க வைக்கறதுக்கு நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?"

அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் எனக்குப் பழக்கம். ரீல் காலத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். அவர் ஒருமுறை சொன்னார்: "மேடையில சொந்தக்காரங்க வரிசையா வந்துனே இருப்பாங்க சார். அத்தினி பேருக்கும் ரீல் போட முடியுமா? வெறும் ஃபிளாஷ் அடிச்சு அனுப்பிடுவோம். வெளிச்சம் மூஞ்சில பட்டாப் போதும், சந்தோஷமா எறங்கிடுவாங்க." கேட்டபோது எனக்கு எரிச்சலாக வந்தது. ஆல்பம் வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்களைத் தேடிப்பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவரிடம் முகத்துக்கு நேராகவே, இது ஏமாற்று வேலை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

என்னிடம் அதே ஜாடையில் இன்னொரு கேமரா இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உதிரிபாகத்துக்காக வாங்கியது. உள்ளே ரீல் கிடையாது. ஆனால் சத்தம் மட்டும் கணீரென்று வரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் தள்ளும் லீவர், ரீல் போட்ட கேமராவில் ரீல் தீர்ந்ததும் நகராமல் நின்றுவிடும்; இதில் எத்தனை தடவை தள்ளினாலும் நகரும். நாலாவது நாளிலிருந்து அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ரீல் போட்ட கேமரா அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கும். வெயில் சரியாகக் கூடிவந்தால் அதை எடுப்பது, இல்லையென்றால் வெறும் கேமராவில் கிளிக், கிளிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பது. அவள் நிற்பாள்.

அவள் நன்றாகவே நின்றாள். முதல் வாரம் சலித்துக்கொண்டவள், இரண்டாவது வாரத்திலிருந்து கால் மணி நேரம் முன்னதாக எழுந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஒருநாள் ஜிமிக்கி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு வேண்டியது வேலை செய்யும் முகம். ஜிமிக்கி எதற்கு, கழற்று என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன். கழற்றிக் குழாய் பக்கத்தில் வைத்தாள். எந்தச் சேலையில் நல்லா இருக்கும் என்று கேட்டாள். வெளிர் நீலம் என்றேன். அதையே ஒன்றுவிட்டு ஒருநாள் துவைத்துக் காயவைத்துக் கட்டினாள். வெறும் கேமரா கிளிக் என்றதும் தாடையைக் கொஞ்சம் தூக்குவாள். எண்ணவும் எண்ணியிருக்கிறாள். "இன்னைக்குப் பன்னெண்டு எடுத்தீங்க. மொத்தம் இருநூறு இருக்கும் இல்ல? அதுல ஒண்ணு கூடவா தேறாது?"

"தேறும்" என்றேன். ஒரு ரோலில் முப்பத்தாறுதான் அடங்கும் என்பது அவளுக்குத் தெரியாது; நானும் சொல்லவில்லை.

கவுன்டரில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். குரோம்பேட்டையில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடை ஒன்றில் ஃப்ரேம் வாங்கிவந்தாள். கடைக்காரன் உள்ளே வைத்திருந்த ரோஜாப்பூப் படத்தோடேயே அதை ஹாலில் மாட்டினாள். இடம் பிடித்து வைக்கிறாளாம். நான் அதைத் தாண்டித் தாண்டிக் குளியலறைக்குப் போய்வந்தேன்.

பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். தோன்றியது. ஒரே ஒரு படம், கனகச்சிதமாக அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் கேட்டதும் ஒன்றுதானே. மீதி கிளிக் எல்லாம் ஒத்திகை என்று பெயர் வைத்துக்கொண்டேன். போகிக்கு முதல் நாள் வரை நிஜமாக அவளை எடுத்தது ஏழு. அந்த ஏழிலும் எனக்குத் திருப்தி இல்லை.

சுவர் ஏறிக்கொண்டே வந்தது. போகிக்கு முதல் நாள் மாலை எங்கள் ஜன்னலுக்கு நேராக இடுப்பளவு வந்துவிட்டது. மேஸ்திரி, நாளை மத்தியானத்தோடு முடித்துவிட்டு வண்டி ஏறுகிறோம் என்றார்.

போகி விடிந்தது. தெருவெல்லாம் பழைய பாயும் கிழிந்த தலையணையும் எரிந்து ஊரே புகை. வழக்கமாக அந்தப் புகைக்கு நான் எல்லாரையும் திட்டுவேன். அன்று ஏழு பத்துக்கு வெயில், சுவருக்கு மேலே மிச்சமிருந்த இடத்தின் வழியாக வந்து, புகைக்குள் விழுந்து, பட்டை பட்டையாகச் சமையலறைக்குள் இறங்கியது. அவள் மூடியைத் தூக்கினாள். ஆவி எழுந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. இட்லி வெந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். கரித்துணி இல்லை. காக்கா இல்லை. அமுக்கினேன். ரீல் இருந்த கேமராதான், சந்தேகப்பட வேண்டாம். லீவரைத் தள்ளும்போது ரீல் சுற்றும் குமிழ் அசைந்ததைக் கண்ணால் பார்த்தேன். முப்பதாவது படம். எட்டு வருஷத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்துவிட்டது, இது அதுதான் என்று. மத்தியானம் மூன்று மணிக்குச் சுவர் ஜன்னலின் மேல்விளிம்பு வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் காலையிலும் டியூப் லைட்தான்.

ரோலில் ஆறு பாக்கி இருந்தது. அதை வீணாக்க மனம் வராமல், பொங்கல் முடிந்த பிறகும் கழுவாமல் ஆபீஸ் பையில் கேமராவை வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் தினமும் கேட்டாள். "கழுவியாச்சா?" ஞாயிற்றுக்கிழமை என்பேன்.

அந்த ஞாயிறு வருவதற்கு முன், ஒரு வியாழக்கிழமை, அவள் லீவு போட்டு வீட்டைத் தூசி தட்டியிருக்கிறாள். பதினோரு மணிக்கு எனக்கு போன். குரலே சரியில்லை.

"ஏங்க, மேல் தட்டுல இருந்த கேமரா கீழ விழுந்துடுச்சு. பின்னாடி மூடி தொறந்துக்கிச்சு. நான் பாக்கவே இல்லங்க, கண்ணை மூடிக்கிட்டே உடனே மூடிட்டேன். ஒரு செகண்ட் கூட இருக்காது. எல்லாம் போயிடுச்சா?"

மேல் தட்டில் இருந்தது வெறும் கேமரா. ரீல் இருந்தது என் காலடியில், பையில். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் அழிந்துவிடும், மூடியைத் தொடாதே தொடாதே என்று எட்டு வருஷமாக நான் போட்ட சத்தத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டு மூடியிருக்கிறாள். உள்ளே பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"பரவாயில்ல, விடு" என்றேன்.

எவ்வளவு பெருந்தன்மையாக வந்தது அந்த வார்த்தை. போனை வைத்த பிறகுதான் எனக்கே புரிந்தது, என்ன சொல்லியிருக்கிறேன் என்று. எடுக்காத இருநூறு படத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டேன். இனி யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். முப்பதாவது படத்தை மட்டும் கழுவி, இதோ தப்பித்தது ஒன்று என்று கொடுத்தால் போதும். மத்தியானம் சாப்பிடும்போது இது ஒரு நல்ல ஏற்பாடு என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மாலை பொத்தேரியில் ரயில் ஏறி வீடு வந்தேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. என் வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் முத்திரை பிரிக்காத ஒரு கேன் தண்ணீர். ஃப்ரிட்ஜில் இரண்டு ஐஸ் தட்டோடு, டிபன் டப்பா, கிண்ணம், டம்ளர் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்தாள்.

"கழுவித்தான் பாருங்களேன். ஒரு செகண்ட்தானே திறந்தது. நடுவுல இருக்கறது ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கும்." கண் வீங்கியிருந்தது.

சொல்லிவிட்டேன். நின்றபடியே, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குளியலறைத் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இருநூறு?"

"எட்டு."

"நான் அந்த நீலப் புடவையைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் கட்டினது?"

அவசர அவசரமாகப் பையிலிருந்து கேமராவை எடுத்தேன். இதில் ஒன்று இருக்கிறது, போகியன்று எடுத்தது, அது போதும், நீ கேட்ட மாதிரி, அதைவிட நன்றாகவே, இப்பவே கழுவுகிறேன், இரண்டு மணி நேரம் என்று உளறினேன்.

"இதுல ரீல் இருக்குன்னு நான் எப்படி நம்பறது?"

குமிழைச் சுற்றிக் காட்டினேன். "சுத்துது. அதுக்கென்ன?" என்றாள்.

"கழுவினா தெரிஞ்சிடும்."

"கழுவிட்டு ஒண்ணும் வரலைன்னா தண்ணி சரியில்லம்பீங்க. ஐஸ் பத்தலைம்பீங்க. எட்டு வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கேன். இப்ப, இங்கயே, என் எதிர்ல திறந்து காட்டுங்க."

"திறந்தா போயிடும். அந்தப் படம் போயிடும்."

"காலைல என் கையால போச்சுன்னு நினைச்சப்ப, பரவாயில்ல விடுன்னு சொன்னீங்க இல்ல?"

உடனே திறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவளைப் பற்றிக்கூட நான் அப்போது நினைக்கவில்லை. அந்தப் புகையையும் பட்டை வெயிலையும் குனிந்த முகத்தையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் வந்துவிட்டது. இன்னொரு மார்கழி அந்த ஜன்னலுக்கு இல்லை. தெருவிலே இருக்கிற யாராவது வந்து தடுக்கமாட்டார்களா என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு எண்ணம். யாரும் வரவில்லை. குமிழைப் பிடித்து மேலே இழுத்தேன். பின்மூடி திறந்துகொண்டது.

டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபிலிம் சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் ஓட்டையாக, இறுக்கமாகக் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள். விரலால் ஒருமுறை தொட்டாள்.

"இருக்கு" என்றாள். பிறகு, "எல்லாம் போயிடுச்சா?"

"எடுத்ததெல்லாம் போச்சு. இன்னும் எடுக்காதது டப்பிக்குள்ள சுத்தி இருக்கு. அது கெடாது."

"எத்தனை?"

"ஆறு இருந்தது. வெளிய நின்ன ஒண்ணு போச்சு. இப்ப அஞ்சு."

"அஞ்சும் எனக்கு. இப்பவே."

மூடினேன். கெட்டுப்போன ஒன்றைத் தள்ளிவிட்டேன். அவள் ஹாலுக்குப் போய், ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றாள். அதைவிட மோசமான வெளிச்சம் எங்கள் வீட்டில் வேறு எங்கும் கிடையாது. கண்ணுக்குக் கீழே நிழல் விழும், மூக்கு பளபளக்கும். தலைக்குப் பின்னால் மின்சாரப் பெட்டி. கொஞ்சம் இந்தப் பக்கம் வாயேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், முந்தானையைச் சரிசெய்தாள், கையைத் தொங்கப்போட்டு நேராக என்னைப் பார்த்தாள். அழுத கண்தான், கோபமும் போகவில்லை. நான் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக அமுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது.

ஐந்தாவதில் கண்ணை மூடிவிட்டாள்.

"மூடிட்டேன். இன்னொண்ணு எடுங்க."

"தீந்துபோச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என்ன சத்தியம் செய்தாலும் எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது. கிட்டே போனேன். கேமராவை அவள் பக்கமாகத் திருப்பி, அவள் கட்டைவிரலைப் பிடித்து லீவரின் மேல் வைத்தேன். தள்ளினாள். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை.

"ம். இது நிஜம்" என்றாள்.